அழைப்பு மணியும் மின்கலமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

தமிழறிந்த சான்றோர் பலர் வீற்றிருக்கும் இம்மேடையில், பத்தாம் வகுப்பு மட்டும் தேறி, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழிக்கும் நாம், இலக்கியம் பேசத் துணிவது பொருந்தாது. ஆகலின் இலக்கியத்தை அறிந்தோர்க்கே விட்டுவிட்டு, இவ்வவையில் உள்ள ஒவ்வொருவருடைய சட்டைப் பையிலும் கைப்பையிலும் இப்பொழுதே அமர்ந்துகொண்டு, நாம் பேசும்போதே ஒலியெழுப்பி இடைமறிக்கின்ற ஒரு பொருளைப்பற்றிச் சிறிது கூற விரும்புகின்றோம். கைப்பேசியில் ஓயாமல் வந்து விழும் அறிவிப்புகளையும், அவற்றால் மின்கலத்துக்கு நேரும் இழப்பையும் பற்றியதே நமது பேச்சு. இளைஞர் இவ்வறிவிப்பை 'நோட்டிபிகேஷன்' என்பர். மின்கலத்தைப் 'பாட்டரி' என்பர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே.

"ஆண்டு விழா மேடையில் பேசத்தக்க பொருளா இது?" என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு காலத்தில் கைப்பேசி பகட்டுப் பொருளாக இருந்தது உண்மையே. இன்றோ, இரயில் பயணச்சீட்டு அதில் இருக்கிறது. காய்கறிக் கடைக்குக் கொடுக்கும் பணம் அதில் இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிச் செய்தி, பெரியோரின் மருத்துவச் சீட்டு, வேலைக்குச் செல்வோரின் ஷிப்ட் அட்டவணை எல்லாம் அதில் அடங்கிவிட்டன. அஃது அணைந்துபோனால் அந்த வேளைக்கு நாமும் பாதி அணைந்தவர்களாகிறோம். அத்தகைய பொருளின் உயிர் எங்ஙனம் கசிகிறது என்பதை அறிந்துகொள்வது குடும்பத்தார் அனைவர்க்கும் கடமையே அன்றோ?

பூட்டிய பெட்டியில் கரைந்த மின்சாரம்

சென்ற ஆண்டு நம் காலனியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். எல்லைக்கு அப்பால் ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் இரண்டாம் ஷிப்டில் வேலை பார்க்கும் பெண்ணொருத்தி, வழக்கமாக வரும் கம்பெனிப் பேருந்தில் ஓரிரவு வந்திலள். பதினொன்றரை மணிக்கு வந்து சேரவேண்டியவள் ஒரு மணியாகியும் வரவில்லை. அவள் தந்தையார் நெடுஞ்சாலையோரம் நின்று, இடைவிடாமல் கைப்பேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார். "நீங்கள் அழைக்கும் எண் அணைக்கப்பட்டுள்ளது" என்ற ஒரே விடைதான் வந்தது. அண்டை வீட்டார் நாலைந்து பேர் நாமும் உடன்சென்று நின்றோம். அந்தத் தந்தையின் முகத்தை மறத்தல் அரிது.

பெண் நலமே வந்து சேர்ந்தாள். பேருந்து வழியில் பழுதாகிவிட்டது, வேறு வண்டி வரும்வரை எல்லாரும் காத்திருந்தனர், அவ்வளவே செய்தி. ஆயினும், "ஒரு சொல் சொல்லியிருக்கலாகாதா அம்மா?" என்று தந்தையார் கேட்டபோது அவள் கூறிய விடைதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. "அப்பா, வேலைக்குள் போகும்போது பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனேன். எட்டு மணி நேரம் யாருமே தொடவில்லை. எடுத்துப் பார்த்தால் செத்துக் கிடந்தது" என்றாள்.

எவரும் தொடாத கைப்பேசியின் மின்சாரத்தை உண்டவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடியபோது நாம் கற்றனவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

கதவைத் தட்டும் பணியாளர்

இரயில்வேயில் முன்னாளில் 'கால் பாய்' என்ற பெயரில் ஒரு பணியாளர் இருந்தார். எஞ்சின் ஓட்டுநர், கார்டு முதலியோரின் வீடுகளுக்கு நள்ளிரவிலும் சென்று கதவைத் தட்டி, இன்ன நேரத்தில் இன்ன வண்டிக்கு வரவேண்டும் என்று தெரிவித்து, புத்தகத்தில் கையெழுத்துப் பெற்று மீள்வது அவர் தொழில். அவர் இல்லாவிடில் என்னாகும்? ஓட்டுநர் தம் வண்டி எப்போது என்று அறிய, அரைமணிக்கு ஒருமுறை நிலையத்துக்கு நடந்து சென்று கேட்டு வரவேண்டும். இரவெல்லாம் நடந்தே அவர் களைத்துப் போவார். வண்டியோட்ட வலிமை இராது.

கைப்பேசியின் நிலையும் இதுவே. கடிதம் வந்ததா, செய்தி வந்ததா என்று ஒவ்வொரு செயலியும் தொலைவிலுள்ள தன் கணினியிடம் ஓயாமல் சென்று கேட்டுவருவது ஒரு முறை. செய்தி வந்தபோது மட்டும் அக்கணினியே கைப்பேசியின் கதவைத் தட்டுவது மற்றொரு முறை. இவ்விரண்டாம் முறையையே 'புஷ்' என்று வழங்குகின்றனர். 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த பிளாக்பெர்ரிக் கருவி, மின்னஞ்சலை இம்முறையில் தானே கொண்டுவந்து சேர்த்துப் புகழ்பெற்றது.

2008-ஆம் ஆண்டு ஜூனில் ஆப்பிள் நிறுவனத்தார், தம் ஐபோனில் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான அழைப்புப் பணி ஒன்றை அமைக்கப் போவதாக அறிவித்தனர். செயலிகள் பின்னணியில் இடையறாது இயங்கினால் மின்கலம் விரைவில் வறண்டுவிடும் என்பதே அதற்கு அவர்கள் கூறிய காரணம். 2009 மார்ச்சில் அந்நிறுவனத்தின் ஸ்காட் பார்ஸ்டால் மேடையில் ஒரு கணக்கை வெளியிட்டார். உரையாடல் செயலியொன்று பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தால் கைப்பேசி சும்மா கிடக்கும் காலம் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைவதாகவும், புஷ் முறையில் அக்குறைவு 23 விழுக்காடு மட்டுமே என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அவ்வாண்டு ஜூனில் அப்பணி நடைமுறைக்கு வந்தது. கூகுள் நிறுவனம் 2010-இல் ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளுக்கு இதுபோன்ற பணியை அமைத்தது.

இதன் அமைப்பு எளியது. கைப்பேசி, ஆப்பிள் அல்லது கூகுள் கணினியோடு ஒரே ஒரு தொடர்பை எப்போதும் திறந்து வைத்திருக்கும். வங்கியானாலும் வாட்ஸ்அப்பானாலும் கடைக்காரரானாலும் தம் செய்தியை அக்கணினியிடமே ஒப்படைக்க வேண்டும். ஐம்பது செயலிகள் ஐம்பது தனித் தொடர்பை வைத்துக்கொள்வதற்கு மாறாக ஒன்றே போதும். ஒரு காலனிக்கு ஒரு கால் பாய் போதுமல்லவா? அதுபோல என்க.

ஆகவே முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அறிவிப்பு முறை மின்கலத்தை அழிக்கப் பிறந்ததன்று, காக்கப் பிறந்தது. பழி முழுவதையும் அதன்மீது சுமத்துவோர் பாதியையே அறிந்தவராவர்.

அணையாத அடுப்பு

அங்ஙனமாயின் இழப்பு எங்கிருந்து வருகிறது? முதற் காரணம் கைப்பேசியின் வானொலிப் பகுதி. அஃதாவது கோபுரத்தோடு பேசும் உறுப்பு.

நீராவி எஞ்சின் ஓடிய காலத்தைப் பற்றி நம் மூத்த ஊழியர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். வண்டி நிலையத்துக்கு வந்து நின்றவுடன் எஞ்சின் அடுப்பின் தீ அணைந்துவிடாது. வேலை முடிந்தபின்பும் கரி எரிந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு பார்சலைக் கொண்டுவரப் புறப்பட்ட எஞ்சினாயினும் கொதிகலன் முழுவதும் கொதித்தே ஆகவேண்டும்.

கைப்பேசியின் வானொலிப் பகுதியும் அத்தகையதே. ஒரு சிறு செய்தியைப் பெறுவதற்கு நொடிக்கும் குறைவான நேரமே ஆகிறது. பெற்ற உடனே அஃது உறங்கச் செல்வதில்லை. அடுத்த செய்தி வருமோ என்று சில நொடிகள் விழித்தே இருக்கிறது. இவ்வாறு வேலை முடிந்த பின்னரும் செலவாகும் மின்சாரத்தை ஆராய்ச்சியாளர் 'வால்' என்று அழைக்கின்றனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிரஞ்சன் பாலசுப்பிரமணியன், அருணா பாலசுப்பிரமணியன், அருண் வெங்கடரமணி ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் தலைமுறை வலையமைப்பில் ஒரு வழக்கமான தகவல் பரிமாற்றத்துக்காகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு இவ்வாலிலேயே வீணாவதைக் கண்டனர். பின்னர் வந்த வலையமைப்புகளில் பல திருத்தங்கள் நிகழ்ந்துள்ளன. எனினும் வால் முற்றும் நீங்கிவிடவில்லை.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் யாதெனில், செய்தியின் அளவைவிட அது வரும் தடவையே மின்கலத்தை வாட்டுகிறது. நூறு செய்திகள் ஒரே மூட்டையாக வந்தால் எஞ்சின் ஒருமுறை எழுந்து ஒருமுறை உறங்கும். அவையே இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகச் சிதறி வந்தால், நூறுமுறை எழுந்து நூறுமுறை வால் நீட்டும்.

ஒரு சிறு கணக்கு

இரண்டாம் காரணம் திரை. மூன்றாம் காரணம் நாமே. இவற்றை விளக்க எழுத்தர்க்கே உரிய முறையில் தோராயமான கணக்கொன்றைப் போட்டுக் காட்டுவோம். கைப்பேசிக்குக் கைப்பேசி இது வேறுபடும். முறையை மட்டும் நோக்குக.

இக்காலக் கைப்பேசிகள் பலவற்றில் 5,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள மின்கலம் உண்டு. அஃது ஏறத்தாழ 19 வாட் மணி மின்சாரத்தைத் தாங்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 அறிவிப்புகள் வருவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் திரையைப் பத்து நொடி ஒளிரச் செய்யின் 2,000 நொடி. அஃதாவது அரை மணிக்குச் சற்று மிகுதி. திரைக்கு ஒரு வாட் என்று வைத்தால், அரை வாட் மணிக்குச் சற்றே அதிகம். மின்கலத்தில் இது 3 விழுக்காடு. வானொலிப் பகுதியின் விழிப்புக்கும் வாலுக்கும் அதே அளவு கொண்டால் மற்றொரு 3 விழுக்காடு. ஆக மணியடித்ததன் நேர்ச் செலவு 6 விழுக்காடு. இஃது ஒருவரையும் ஓட்டாண்டியாக்கும் செலவன்று.

இனி அடுத்த வரியைப் பாருங்கள். இருநூறில் ஐம்பதை நாம் கையில் எடுத்துப் பார்க்கிறோம் என்க. எடுத்தவர் உடனே கீழே வைப்பதில்லை. அங்கொரு படம், இங்கொரு காணொளி என்று இரண்டு நிமிடமேனும் உலவிவிட்டே வைக்கிறோம். நூறு நிமிடமாயிற்று. அவ்வேளையில் ஒன்றரை வாட் செலவாகுமெனின், இரண்டரை வாட் மணி, 13 விழுக்காடு. மணியடித்த செலவைப்போல் இருமடங்குக்கு மேல், மணி கேட்டு நாம் எழுந்து நடந்த செலவு! கைப்பேசிக்கு மட்டுமா இச்செலவு? அந்த நூறு நிமிடமும் நம் ஆயுட்காலத்திலிருந்தே எடுக்கப்பட்டது என்பதைக் கணக்கின் அடிக்குறிப்பாக எழுதிக்கொள்ளலாம்.

எட்டு மணி நேரத்துப் புதிருக்கு விடை

ஆனால் பூட்டிய பெட்டியிலிருந்த கைப்பேசியை எவரும் எடுத்துப் பார்க்கவில்லையே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அங்குதான் மற்றொரு காரணம் வந்து சேர்கிறது. அது சிக்னல் குறைவு.

எதிரில் நிற்பவரிடம் மெல்லப் பேசினால் போதும். ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரிடம் கத்தவேண்டும். கைப்பேசியும் கோபுரம் எட்டாத இடத்தில் தன் குரலை உயர்த்திக் கத்துகிறது. அதற்கு மின்சாரம் பன்மடங்கு செலவாகிறது. இரும்புப் பெட்டியோ வானொலி அலையைத் தடுத்து அடக்கும் இயல்புடையது. அப்பெட்டிக்குள் கிடந்த கைப்பேசி, கோபுரத்தைத் தேடித் தேடிக் கத்தியிருக்கிறது. தொடர்பு அறுந்தபோதெல்லாம் மீண்டும் மீண்டும் முயன்றிருக்கிறது. இடையிடையே தொடர்பு கிடைத்த நேரத்தில், தேங்கி நின்ற அறிவிப்புகள் வந்து அதனை எழுப்பியிருக்கின்றன. அப்பெண்ணின் கைப்பேசியில் நாற்பதுக்கு மேற்பட்ட செயலிகள் அறிவிப்பு அனுப்ப உரிமை பெற்றிருந்தன. மின்கலமும் மூன்றாண்டு பழையது. எட்டு மணி நேரத்தில் அது மாண்டதில் வியப்பென்ன?

நம் ஊரில் இவ்விடர் பெட்டிக்குள் மட்டும் நிகழ்வதன்று. அத்திபெலே இரு மாநிலங்களின் வாயிற்படி. தொலைபேசித் துறையின் கணக்கில் கர்நாடகம் ஒரு வட்டம். தமிழ்நாடு மற்றொரு வட்டம். எல்லையோரத்தில் கைப்பேசி ஒரு வட்டத்தை விட்டு மற்றொரு வட்டத்தில் பதிவுசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. 'தமிழ்நாட்டுக்கு வருக' என்றும் 'கர்நாடகத்துக்கு வருக' என்றும் மாறிமாறிக் குறுஞ்செய்தி பெற்றவர்கள் இவ்வவையில் பலர் இருப்பீர்கள். நாம் இருமொழி வழங்கும் ஊரில் மகிழ்ந்து வாழ்கின்றோம். நம் கைப்பேசிக்கு மட்டும் அவ்வாழ்வு சிறிது அலுப்பைத் தருகிறது போலும்!

இதற்கான தீர்வு மிக எளிது. கைப்பேசியைப் பூட்டிவைத்துவிட்டு வேலைக்குச் செல்வோர், பூட்டுமுன் அதனை 'ஏரோபிளேன் மோட்' என்னும் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுக. அல்லது முற்றும் அணைத்துவிடுக. எட்டு மணி நேரம் எடுக்கவே முடியாத கைப்பேசிக்கு எட்டு மணி நேரம் யாரும் செய்தி அனுப்பி என்ன பயன்? வேலை முடிந்து எடுக்கும்போது மின்சாரம் வைத்தபடியே இருக்கும். அப்பெண் அன்றுமுதல் இங்ஙனமே செய்துவருகிறாள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து பேருந்தில் ஏறியவுடன் வீட்டுக்கு ஒரு சொல் வந்துவிடுகிறது. அவசரத்துக்கு வீட்டார் அழைக்கத் தொழிற்சாலையின் காவல் அறைத் தொலைபேசி எண்ணை வாங்கிவைப்பதும் நன்று.

பிற நாட்டு நிகழ்ச்சிகள்

பொது அழைப்புப் பணி இல்லாவிடில் என்ன ஆகும் என்பதற்குச் சீன நாடு சான்றாக நின்றது. கூகுளின் பணி அங்குக் கிடைப்பதில்லை. ஆதலின் அங்குள்ள ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில் பற்பல செயலிகள் தத்தமக்கெனத் தனித்தனித் தொடர்பை வைத்துக்கொண்டு, பின்னணியில் இடையறாது இயங்கி, ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டும் இருந்தன. மின்கலம் பட்ட பாட்டைக் கூறவேண்டுவதில்லை. இதனைச் சீர்படுத்தவே 2017-இல் அங்கு ஒருங்கிணைந்த புஷ் கூட்டணி ஒன்று தோற்றுவிக்கப்பட்டது.

செயலி எழுதுவோரின் பிழையாலும் இழப்பு நேர்வதுண்டு. 2015 அக்டோபரில், ஐபோனில் பேஸ்புக் செயலி மின்கலத்தை அளவுக்கு மீறி உண்பதாக உலகெங்கும் முறையீடு எழுந்தது. அந்நிறுவனத்தின் பொறியாளர், தம் நிரலில் ஓரிடத்தில் செயலி வீணே சுழன்றுகொண்டிருந்ததையும், காணொளி முடிந்தபின்பும் ஒலிப்பகுதி திறந்தே இருந்ததையும் வெளிப்படையாகத் தெரிவித்துத் திருத்தினார். 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வு, விலையின்றிக் கிடைக்கும் சில செயலிகள் செலவிடும் மின்சாரத்தில் 65 முதல் 75 விழுக்காடு வரை, அவற்றோடு ஒட்டியுள்ள விளம்பரப் பகுதிகளுக்கே சென்றதைக் காட்டிற்று. இலவசமாகப் பெற்ற பொருளுக்கும் விலை உண்டு. அதை நாம் மின்சாரமாகக் கொடுக்கின்றோம்.

கைப்பேசி செய்வோரும் வாளா இருந்திலர். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு ஆறாம் பதிப்பில், கைப்பேசி அசையாமல் கிடக்கும்போது செயலிகளை உறங்கவைத்து, இடைவெளி விட்டு மட்டும் எழுப்பும் முறை புகுத்தப்பட்டது. அம்முறையில் அவசரச் செய்தி உடனே வரும். ஏனையவை மூட்டையாகக் காத்திருக்கும். 2018-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு, நாம் அரிதாகப் பயன்படுத்தும் செயலிகளைப் பின்வரிசையில் தள்ளிற்று. 2022-இல் வந்த பதின்மூன்றாம் பதிப்பிலிருந்து, அறிவிப்பு அனுப்பலாமா என்று செயலி நம்மிடம் அனுமதி கேட்டே ஆகவேண்டும். ஐபோனில் இவ்வனுமதி தொடக்கம் முதலே உண்டு. ஆயினும், கேட்டதற்கெல்லாம் படியாமலே 'சரி' என்று அழுத்திவிடும் நம் விரலை எந்தப் பதிப்பும் தடுக்க இயலாது.

நாம் செய்ய வேண்டுவன

நிற்க. இனி வீட்டில் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம். செயலிகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்க.

நள்ளிரவிலும் கதவைத் தட்டத்தக்கவர் முதல் வகையினர். குடும்பத்தாரின் அழைப்பு, வங்கியில் பணம் எடுக்கப்பட்ட செய்தி, பள்ளி, மருத்துவமனை, வேலை பற்றிய அழைப்பு ஆகியவை இதில் அடங்கும். இவற்றின் வாயை ஒருபோதும் அடைத்தலாகாது.

வந்து திண்ணையில் காத்திருக்கத்தக்கவர் இரண்டாம் வகையினர். மின்னஞ்சல், நாளிதழ்ச் செய்தி, உறவினர் குழுக்கள், நிழற்படச் செயலிகள் ஆகியவை இத்தகையன. இவற்றுக்கு ஒலியும் அதிர்வும் திரையொளியும் வேண்டா. நாம் திறக்கும்போது செய்தி அங்கேயே இருக்கும், எங்கும் ஓடிவிடாது.

வாசற்படியே ஏறவேண்டாதவர் மூன்றாம் வகையினர். 'இன்று மட்டும் பாதி விலை' என்னும் கடைகள், 'உம்மைக் காணாது வாடுகிறோம்' என்னும் விளையாட்டுகள், கடன் தருகிறோம் என்று தாமே வந்து நிற்கும் செயலிகள் இவ்வகையின. இவற்றின் அறிவிப்பை அடியோடு நிறுத்துக. ஆறு திங்களாகத் திறவாதவற்றைக் கைப்பேசியிலிருந்தே நீக்கிவிடுக.

கைப்பேசியின் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'நோட்டிபிகேஷன்ஸ்' என்ற இடத்தில் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கலாம். 'பாட்டரி' என்ற இடத்தில் எச்செயலி எத்தனை விழுக்காடு உண்டது என்ற பட்டியலும் இருக்கிறது. மாதம் ஒருமுறை மளிகைக் கணக்குப் பார்க்கும் தாய்மார்கள் இந்தக் கணக்கையும் பார்த்துவிட்டால், வீட்டில் சார்ஜர் சண்டை பாதி குறையும்.

செய்யலாகாதனவும் சில உண்டு. மின்கலத்தைச் சேமித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் செயலிகளைப் புதிதாக ஏற்றிக்கொள்ளல் வேண்டா. அவற்றுட் பல தாமே விளம்பரம் காட்டிப் பிழைப்பன. திருடனைக் காவலுக்கு வைத்த கதையாக முடியும். செயலிகளை அடிக்கடி விரலால் தள்ளி மூடுவதால் மின்சாரம் மிஞ்சும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. 2016 மார்ச்சில் ஒரு வாடிக்கையாளர் இதனை வினவியபோது, ஆப்பிள் நிறுவனத்தின் மென்பொருள் தலைவர் கிரெய்க் பெடரிகி, அதனால் பயனில்லை என்றே விடையளித்தார். மூடிய செயலியை மீண்டும் திறக்கையில் அது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருத்தலின், செலவு கூடவும் செய்யலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சலிப்புற்று அனைத்தையும் ஒருசேர நிறுத்திவிடுவது. கணக்கிலிருந்து பணம் களவு போனதை மறுநாள் அறிவதிலும், மகள் அனுப்பிய 'பேருந்து பழுது' என்ற சொல்லைக் காலையில் காண்பதிலும் என்ன பயன்? மின்சாரம் மிச்சமாகும், வேண்டியது கைநழுவும். 2023 அக்டோபரில் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனையாகக் கைப்பேசிகள் பேரொலி எழுப்பியது நினைவிருக்கும். அது செயலி வழியாக வந்ததன்று. கோபுரமே ஒரு பகுதியிலுள்ள கைப்பேசிகளுக்கெல்லாம் ஒருங்கே அறைந்த பறை. அவ்வொலி எரிச்சலூட்டிற்று என்று அதனை நிறுத்தி வைத்தோர் இருப்பின், இன்றே மீண்டும் திறந்துவைக்குமாறு வேண்டுகின்றோம்.

மின்கலத்தின் ஆயுளைப் பற்றியும் ஒரு சொல். லித்தியம் அயனி மின்கலம் ஒவ்வொரு முழுச் சுற்றிலும் சிறிது தேய்கிறது. சில நூறு சுற்றுகளுக்குப்பின் அதன் கொள்ளளவு குறைந்தே தீரும். வீண் அறிவிப்புகளால் நாளுக்கு ஒருமுறைக்குப் பதில் இருமுறை சார்ஜ் ஏற்றினால், சுற்றுகள் விரைந்து கழிகின்றன. மின்கலம் காலத்துக்கு முன்பே மூப்படைகிறது. வெப்பமும் அதற்குப் பகை. தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றும் வழக்கத்தை விட்டுவிடுதல் மின்கலத்துக்கும் நல்லது, தலைக்கும் நல்லது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

இறுதியாக நம் வீட்டுக் குற்றத்தையும் கூறாமல் அமைதல் முறையன்று. நம் சங்கத்துக்கென வாட்ஸ்அப் குழு ஒன்று உளது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி, தாமரையும் சூரியனும் தேநீர்க் கோப்பையும் பொருந்திய 'காலை வணக்கம்' படங்கள் அதில் அணிவகுத்து வருகின்றன. அன்பின் மிகுதியால் அனுப்பப்படுபவை அவை. அவ்வன்பை நாம் குறைகூற வந்திலோம். ஆனால் அந்த மழையின் பயன் என்னவாயிற்று? உறுப்பினர் பலர் குழுவின் வாயை அடைத்துவிட்டனர். சில திங்களுக்குமுன் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டு மூதாட்டியாருக்கு அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் வேண்டுமென்று அக்குழுவில் வந்த செய்தியை, அவ்வகை இரத்தமுடைய இளைஞர் இருவர் மாலையில்தான் கண்டனர். வேறிடத்தில் இரத்தம் கிடைத்து மூதாட்டியார் நலமடைந்தார் என்பது நம் நற்பேறு.

மின்கலம் வறள்வதைவிடப் பெரிய இழப்பு இதுவே. ஓயாமல் அடிக்கும் மணியை ஒருவரும் மதிப்பதில்லை. இரயில் நிலையத்தில் மணி எப்போதாவது அடிப்பதனால்தான் அதற்குப் பொருள் இருக்கிறது. நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருந்தால் வண்டி வருவதை அறிவார் யார்? மின்கலத்துக்குள்ள அளவைப்போல் மனிதர் கவனத்துக்கும் ஓர் அளவு உண்டு. இரண்டையும் சில்லறையாகச் செலவழித்துவிட்டு, அவசர வேளையில் வெறுங்கையோடு நிற்கின்றோம்.

ஆகவே செயற்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். குழுவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்று அறிவிப்புக்கு மட்டும். செயலாளரும் நிருவாகிகளும் மட்டுமே அதில் எழுதும்படி அமைத்துவிடலாம். கூட்டம், நோய், இறப்பு, இரத்தம், பிள்ளைகளின் தேர்வு உதவி முதலியன மட்டும் அதில் வரட்டும். அதன் மணியை உறுப்பினர் எவரும் அடைக்காதிருப்போம் என்று உறுதி கூறுவோம். மற்றொன்று உறவாடுவதற்கு, தாமரையும் தேநீரும் அங்கே தாராளமாகப் பூக்கட்டும், விரும்பியோர் ஓய்வில் திறந்து மகிழட்டும். இதற்குக் காசு செலவில்லை. ஐந்து நிமிட வேலையே.

ஓசூரை அடுத்துள்ள டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனுக்குரிய பாகங்கள் செய்யப்படுகின்றன. நம் அண்டையில் உள்ள பெண்மக்கள் உலகோர் கையில் திகழும் கருவிக்கு உருவங் கொடுக்கும் காலத்தில், அக்கருவியை ஆளத் தெரியாதவர்களாய் நாம் இருத்தல் அழகன்று. அடுத்த ஞாயிறு மாலை இம்மண்டபத்திலேயே இளைஞர் சிலர் அமர்ந்து, பெரியோர் கைப்பேசிகளில் இவ்வமைப்புகளைச் செய்துதர இசைந்துள்ளனர். தாத்தாமாரும் பாட்டிமாரும் தயங்காது வருக. வரும்போது சார்ஜரையும் மறவாது கொண்டுவருக!



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.